மங்கையற்கரசி வாசிக்க மறுத்த வரி

உயிலங்குளத்து மங்கையற்கரசிக்கு மார்பை வெட்டி எடுத்தபோது வயது நாற்பத்தெட்டு. சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி, பற்றை மண்டிக் கிடந்த வயலைத் துப்புரவாக்கி, ஐந்தாவது போகமும் அறுத்திருந்தாள். புற்றுநோய் வருத்தத்துக்காக அவள் அழவில்லை. மச்சாள் தொற்றிவிடுமென்று அவளுடைய தேத்தண்ணிக் கோப்பையைப் புறம்பாக எடுத்து வைத்ததைக் கண்ட அன்றுதான் அழுதாள்.

அடுத்த வருடம், புற்றுநோயாளருக்கு ஆறுதல் கொடுக்கவென்று ஒரு நிறுவனம் நானாட்டானில் வந்து இறங்கியது. ஆளுக்கொரு கதை, சொந்தக் குரலில், படங்களோடு, மூன்று நிமிட வீடியோ. சொல்லித் தர வந்தவள் நிவேதிகா.

மங்கையற்கரசி கோப்பையைப் பற்றிச் சொன்னாள். நிவேதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனையை எடுத்தாள்.

"நல்லாயிருக்கு அன்ரி. சண்டையையும் கொஞ்சம் சேர்ப்பமே?"

"சண்டைக்கும் கோப்பைக்கும் என்ன பிள்ளை சம்பந்தம்?"

"பாக்கிற ஆக்களுக்கு மனசில படவேணுமெல்லோ. முடிவில ஒரு நம்பிக்கையும் வேணும்."

அந்த நம்பிக்கையை அவளே எழுதி நீட்டினாள்: 'புற்றுநோய் எனக்குக் கிடைத்த ஆசீர்வாதம்.'

மங்கையற்கரசி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப உமக்கும் கிடைக்கட்டும் எண்டு வாழ்த்தட்டோ?"

வீடியோ அவளில்லாமலே முடிந்தது. மண்டபத்தில் திரையிட்டார்கள். முன்வரிசையில் மாலை போட்ட பெரியவர்கள். புல்லாங்குழல் அழுதது, அவள் ஒருநாளும் கால் நனைக்காத கடலில் சூரியன் மறைந்தது, யாரோ ஒரு பெண்ணின் தேன்குரல் ஆசீர்வாதத்துக்கு நன்றி சொன்னது. கோப்பை எங்குமே இல்லை. கைதட்டினார்கள்.

மங்கையற்கரசி எழும்பினாள். "உது என்ர கதையில்லை. குரலும் என்ர இல்லை. நான் வயல்காரி, எனக்குக் கடலில என்ன வேலை?" பிறகு மைக் இல்லாமலே நடந்ததைச் சொன்னாள். பெரியவர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சிற்றுண்டிக்கு ரோல்ஸ் தட்டுகள் உள்ளே வந்தன.

பின்வரிசையிலிருந்த இன்னொரு நோயாளி, வங்காலைச் செலீனா மட்டும் அவளிடம் வந்தாள். "எனக்குக் கோப்பை மட்டுமில்லை அக்கா, கதிரையும் புறம்பு." இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

நிறுவனத்தின் அறிக்கையில் மங்கையற்கரசியின் கோபமுகம் அட்டைப்படமானது. கீழே, 'எங்கள் பயிற்சியால் துணிவு பெற்ற பெண்.'

அவளும் செலீனாவும் ஃபோனில் குரல்பதிவு அனுப்பத் தொடங்கினார்கள். சில பதிவுகள் பத்து நிமிடம் ஓடின. பாதி, சொந்தக்காரருக்கு ஏச்சு. இரண்டு வருடத்தில் செலீனாவுக்கு வருத்தம் திரும்பியது. அவளுக்குப் பேச்சு நின்றுபோன பிறகும் மங்கையற்கரசி வயல் வரம்பில் நின்று நாளும் பேசி அனுப்பினாள்: குளத்துத் தண்ணீர், பன்றி உழக்கிய பயிர், உரம் தராமல் அலைக்கழிக்கும் கந்தோர். செலீனாவின் மகள் கிருஷிகா ஃபோனைத் தாயின் காதருகே பிடிப்பாள்.

"கந்தோர்க்காரரை நீங்கள் ஏசேக்கை அம்மா சிரிச்சவா, பெரியம்மா," என்று ஒருநாள் அவள் பதில் அனுப்பினாள். "இன்னும் ஏசுங்கோ."