நாலு பகுதியும் ஓர் ஆப்பக்கடையும்

எங்கள் தொழிலில் மண்வெட்டிக்கு முன்னால் பென்சிலுக்குத்தான் வேலை. எண்ணெய் ஊறிய நிலத்தைச் சுத்தம் செய்வது எங்கள் தொழில். மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கோடு போட்டுப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றாக முடிக்கலாம். ஆனால் கோடு எங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். சமையலறையில் பாதியைத் துடைத்துவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லித் திட்டு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

வேலி

ஆயர் ஈத்தாம் பாசார்ச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய லோரிப் பட்டறை. காலங்காலமாகச் சிந்திய டீசல் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. நிலத்துக்காரர் மோகனிடம் வரைபடத்தை விரித்தேன். சாலையோர மூலை முதல் பகுதி, அழுக்கு குறைவு. பட்டறைத் தரை இரண்டாவது. புதைந்து கிடக்கும் டீசல் தொட்டி மூன்றாவது. டீசல் கலந்து அடியில் நகரும் நிலத்தடி நீர் நாலாவது. அது வருடக்கணக்கில் இழுக்கும். மோகன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூணுக்கு வேலி போட்டுருவ, சரி. நாலாவதுக்கு எங்க லா போடுவ?”

எதிர்க்கடை

அந்த நீர் சாலையை விட்டு விலகித்தான் நகர்கிறது என்று சோதனையில் தெரிந்தது. மூலையை அது மறுபடி கெடுக்காது. ஆகவே மூலையை முதலில் முடித்துத் திறந்துவிடலாம். இதற்காகக் காத்திருந்தவர் புஷ்பா அக்கா. அந்த மூலையில்தான் அவர் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததும் கடை பக்கத்து ஃபிளாட் படிக்கட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அங்கே ஆப்பம் சுடுவது மேல்மாடிக்காரர்களுக்கே தெரியாது. காலையில் வேலிக்கு வெளியே வந்து நின்று, எதிர்ப்பக்க ரொட்டி சானாய் கடையைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

“நீ நல்லா நிதானமா செய் தம்பி. என் கடைக்கு வர்ற ஆளுங்களும் அங்க நிதானமாத்தான் சாப்பிடுறாங்க.”

காலி இடம்

மூலையில் கெட்ட மண்ணை அள்ளினோம், நல்ல மண் போட்டோம். பரிசோதனையிலும் அது தேறியது. சிமெண்ட் தளம் போடுவதுதான் பாக்கி. அக்கா சட்டியைத் துலக்கி வைத்துவிட்டார். மறுநாள் நான் பத்து காவான் என்ற ஊரில் வேறொரு வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினேன். முதல் பகுதியின்மேல் இரண்டாம் பகுதி குவியலாகக் கிடந்தது, டீசல் வாசனையோடு. மண்வாரி ஓட்டும் குணா திருப்தியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். மேல்மண்ணைச் சுரண்டி மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்றேன். வேலிக்கு வெளியே நின்ற அக்கா படிக்கட்டுப் பக்கம் நடந்தார். குணாவுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“சுத்தமான எடம் அது ஒண்ணுதானே அண்ணே. அதான் அங்க கொட்டினேன்.”

சப்பாத்து

இரண்டாவது பரிசோதனையிலும் மண் தேறியது. இந்தமுறை அன்றைக்கே தளம் போட்டோம், வேலியை முதல் பகுதியின் கோடு வரை உள்ளே தள்ளினோம். அக்கா கடை திறந்த காலை, எதிர்க்கடையிலிருந்து முதலில் ஒருவர், பிறகு மூவர், சாலையைக் கடந்து வந்தார்கள், கொஞ்சம் அசட்டுச் சிரிப்போடு. அக்கா ஆப்பத்தைத் தட்டில் போட்டார். ஆப்ப வாசனைக்குக் குணாவும் வேலிக்கதவைத் திறந்துகொண்டு வந்தான். பகுதி தாண்டும்போது காலில் போட்ட எண்ணெய்ச் சப்பாத்தைக் கழற்றவேண்டும் என்று பாதுகாப்பு வகுப்பில் நான் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். யாரும் கழற்றியதில்லை. அக்கா கரண்டியை நீட்டினார்.

“அங்கேயே நில்லு. அந்தச் சப்பாத்தோட வந்தா உனக்கு ஆப்பம் இல்ல, ரொட்டி சானாய்தான்.”

இப்போது தினமும் காலையில் என் பென்சில் கோட்டின்மேல் எண்ணெய்ச் சப்பாத்துகள் வரிசையாக நிற்பதால், முதல் பகுதி எங்கே முடிகிறது என்று நான் யாருக்கும் விளக்கவேண்டியிருப்பதில்லை.