வேலிக்கு அந்தப் பக்கத்து மண்

தலையில் ஒரு முடிகூட இல்லாத மேஸ்திரிக்குச் ‘சீப்பு’ என்று பட்டம் கட்டியவர்கள் தோட்டத்துப் பெண்கள்தான். தைல மரங்களின் அடியில் சருகு கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. வாரிக் குவித்துக் கொளுத்தச் சொல்வார். புல் தலைகாட்டினால் மருந்தடிப்பார். அவர் பார்த்துக்கொண்ட சரிவு, படிய வாரி வகிடெடுத்த மாதிரி இருக்கும். அதைப் பார்க்க வெளித் தோட்டங்களிலிருந்து ஆள் வருகிற நாளில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்வார்.

ஒவ்வொரு சரிவிலிருந்தும் ஆய்வுக்கு மண் எடுத்துத் தரச் சொன்னார் மேலாளர். மேஸ்திரி இரும்புக் குழாயைத் தன் சரிவில் ஊன்றி, உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். ஒரு விரற்கடை இறங்கியதும் நின்றுவிட்டது. இடம் மாற்றினார், அங்கேயும் அதே கதை. வந்த கொஞ்சமும் வெளுத்து, பிடித்தால் ஒட்டாமல் உதிர்ந்தது. ஒரு மண்புழு இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வேலியைத் தாண்டினார். காட்டுக்குள் சருகை விலக்கிக் குழாயை வைத்ததுதான், பிசைந்த மாவில் விரல் போவது போல இறங்கியது. கறுத்த, ஈரமான மண். அதைப் பையில் கட்டித் தன் சரிவின் மண் என்று கொடுத்துவிட்டார்.

முடிவு வந்ததும் மேலாளர் எல்லோரையும் கொட்டகையில் கூட்டினார்.

“மேஸ்திரி சரிவுதான் முதல். மத்ததெல்லாம் செத்த மண்ணாம். இனிமே எல்லாரும் இவர் மாதிரியே வாரணும். வேலிக்கு அந்தப் பக்கம் காட்டோரத்தையும் நமக்குக் குத்தகைக்கு விட்டுட்டாங்க. நாளைக்கு அங்கயும் வாரிக் கொளுத்திட்டு நட்டுடலாம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். மேஸ்திரியின் மனைவி மட்டும் தட்டவில்லை. அதே சரிவில் குழி வெட்டுகிறவள் அவள். பக்கத்தில் வந்து குரலைத் தணித்தாள்.

“அங்க கடப்பாரையே எகிறுது. நீங்க எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“சும்மா இரு.”

“சும்மாதான் இருக்கேன். நாளைக்கு அந்தக் காட்டை வாரச் சொல்லி என்னைத்தானே அனுப்புவீங்க?”

அவருக்குக் காது மடல் சுட்டது.

“பாராட்டுனா இப்படியா வெக்கப்படுறது, மேஸ்திரி?” என்றாள் ஒருத்தி.

“ஐயா, கொஞ்சம் என் சரிவு வரைக்கும் வர்றீங்களா?” என்றார் மேஸ்திரி, மேலாளரிடம். கூட்டமும் பின்னாலேயே வந்தது. குழாயை நீட்டினார். “நீங்களே ஊனிப் பாருங்க.”

மேலாளர் சிரித்துக்கொண்டே அழுத்தினார். மறுபடி அழுத்தியபோது சிரிப்பு இல்லை.

“அப்ப நீங்க குடுத்த மண்ணு?”

மேஸ்திரி வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். காட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“நாளைக்குக் காட்டுப் பக்கம் யாரும் போக வேண்டாம்,” என்று பெண்களிடம் சொல்லிவிட்டு மேலாளர் நடந்தார்.

பெண்கள் கலைந்தார்கள். போகிற போக்கில் ஒருத்தி, “வெயில்ல நிக்காதீங்கண்ணே,” என்றாள், பரிவாக. கிண்டல் பண்ணியிருந்தால் மேஸ்திரி தாங்கியிருப்பார்.