செங்கல் வைத்த இடம்

“...சும்மா செங்கல்ல வச்சிட்டு நீ பாட்டுக்கு வூட்டுக்குப் போயிட்டா, செங்கல்லுதாம்மே மாதாவப் பாக்கும். நீ பாக்க மாட்டே. போன வருசம் ஒருத்தி அப்பிடித்தான் வச்சிட்டுப் போனா. அந்தக் கல்லுக்கு நல்ல தரிசனம்!”

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. சொன்னவள் என்னைவிட ஐந்தாறு வயது மூத்த மீன்காரப் பெண். கவிழ்த்துப் போட்ட கூடைக்குப் பக்கத்தில், தெருவே தன்னுடையது போலக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில், மாதா கோயில் தேர் புறப்படும் நாள். வியாசர்பாடியில் இருந்து நாங்கள் அந்தப் பக்கம் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மாதா தேர் என்றால் கோயிலைச் சேர்ந்தவர்கள் மட்டும் பார்ப்பது என்று நான் நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் துறைமுகத்துக் கூலி ஆட்கள், குப்பத்து ஜனம், டீக்கடை பாய், வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர்கள் என்று ஊரே தெருவில் இருந்தது. அதுவும் மத்தியானத்தில் இருந்தே!

நான் அங்கே இடம் பிடிக்க வந்தது மாதாவைப் பார்க்க மட்டுமல்ல. தேருக்கு முன்னால் வரும் பேண்டு செட்டில் என் வீட்டுக்காரர் கிளாரினெட் வாசிப்பவர். முந்தின மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, படுத்த படுக்கையாகக் கிடந்து பிழைத்து எழுந்தவர். அதற்கப்புறம் வாத்தியத்தைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் வைப்பாரே தவிர, வாயில் வைக்கவில்லை. பேண்டு மாஸ்டர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே. “இந்தத் தேருக்கு வா. நடுவுல நிறுத்தாம கடைசித் தெரு வரைக்கும் ஊதிட்டேன்னா உன் எடம் உனக்குத்தான். முடியலேன்னா வேற ஆள் சேத்துக்கறேன், கோவிச்சுக்காதே” என்று சொல்லிவிட்டார்.

அன்று காலையில் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் சந்து முனையில், தையல்கடை எதிரில் இருக்கும் விளக்குக் கம்பத்தடியில் ஜெபத்துக்காகத் தேர் கொஞ்ச நேரம் நிற்கும். அதற்குள் தொண்டை வறண்டு இருமல் கிளம்பிவிடும். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலைச் சூடாகக் கொண்டுவந்து அங்கே நின்றால் போதும், மீதித் தெருக்களைக் கடந்துவிடுவேன் என்றார். வரிசையை விட்டு அவர் வெளியே வர முடியாது. நான்தான் முன்னால் நிற்க வேண்டும்.

அதனால் மத்தியானமே ஒரு பாயைக் கொண்டுபோய் விரித்தேன். மீன்கார அக்கா அதை ஒரு பார்வை பார்த்தாள். “இன்னாமே, கல்யாணப் பந்தியா நடக்கப்போவுது? குந்துற அளவுக்குத்தான் எடம். சுருட்டு, சுருட்டு” என்றாள். சுருட்டினேன். அப்புறம் தையல்கடை ஓரத்தில் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தபோதுதான் மேலே சொன்ன அந்தத் தரிசனப் பேச்சு.

அந்தத் தெருவுக்கு ஒரு சட்டம் இருந்தது. எழுதி வைத்தது இல்லை. ஆனால் மீறினவரும் இல்லை. துண்டோ, பலகையோ, பானையோ, செங்கல்லோ எதையாவது வைத்து இடம் போடலாம். அதை யாரும் தொடமாட்டார்கள். ஒரு காலணாப் பெறாத ஓட்டாஞ்சில்லு கூடப் பொழுதெல்லாம் பத்திரமாக இருக்கும். ஆனால் கோயிலில் தேர் புறப்படும் மணி அடித்துவிட்டால் பொருளுக்கு மதிப்பில்லை. அப்புறம் ஆள் இருந்தால்தான் இடம். பிள்ளைகள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். யாரும் குடை விரிக்கக்கூடாது. இவ்வளவும் அக்கா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஜனங்கள் பேசுவதைக் கேட்பதில் அப்போதே பெரிய ஆசை. பள்ளிக்கூடம் அதிகம் போகாத எனக்கு, காசு கொடுக்காமல் கேட்ட கச்சேரியெல்லாம் இந்த மாதிரி வாய்களில்தான்.

எனக்கோ அந்தச் சட்டம் கழுத்தைப் பிடித்தது. மணி அடித்த பிறகு அடுப்பு மூட்டினால்தான் பால் தேர் வரும் நேரத்துக்குச் சூடாக இருக்கும். மணி அடித்த பிறகு நகர்ந்தால் இடம் போய்விடும். இதை அவளிடம் தயங்கித் தயங்கிச் சொல்லி, கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

“நான் இன்னா உன் வூட்டு வாட்ச்மேனா? எனக்கே ஆயிரம் கீது” என்றவள், கூடையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். உள்ளே வாழையிலையில் சுற்றி, தண்ணீர் தெளித்து, ஒரு மல்லிகை மாலை. போன கார்த்திகைப் புயலில் அவள் புருஷன் போன கட்டுமரம் இரண்டு நாள் கரைக்கு வரவில்லையாம். அவள் தங்கள் குலசாமிக்கும் வேண்டிக்கொண்டாள், மாதாவுக்கும் வேண்டிக்கொண்டாள். “யாரு கூப்ட்டு அவரு திரும்பி வந்தாரோ தெரியாது. ரெண்டு பேருக்கும் செஞ்சிடணும் இல்ல? அம்மனுக்கு ஆடியிலயே செஞ்சிட்டேன். மாதாவுக்கு இன்னிக்குத்தான்” என்றாள். தேர் நிற்கும்போது மேலே இருப்பவர்கள் கையில் மாலையைக் கொடுத்தால் அவர்கள் மாதா கழுத்தில் போடுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

மணி அடித்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தெருக்கோடியைப் பார்த்தபடி, “போறதுன்னா சட்டுனு போய்ட்டு வா. மூஞ்சிய இன்னா பாக்குறே?” என்றாள்.

ஓடினேன். எங்கள் வீடு சந்துக்குள் நாலாவது வாசல். அன்றைக்குப் பார்த்து விறகு ஈரம். ஊதி ஊதி என் கண்ணில்தான் தண்ணீர் வந்தது, அடுப்பில் நெருப்பு வரவில்லை. பால் பொங்குவதற்குள் பேண்டு சத்தம் பக்கத்துத் தெருவில் கேட்டுவிட்டது. சொம்பைப் பழைய புடவைத் துணியில் சுற்றி, டம்ளரால் மூடிக்கொண்டு வந்தேன். சந்து முனையில் சுவர் எழுப்பியது போல முதுகுகள். பிள்ளை நுழையக்கூட இடைவெளி இல்லை.

கிளாரினெட் கேட்டது. அது அவருடைய ஊதல்தான். ஆயிரம் பேர் ஊதினாலும் எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையாயிற்று. ஒரு இடத்தில் மேலே ஏற வேண்டிய ஸ்வரம் ஏறாமல் நின்றது. மற்ற வாத்தியங்கள் அதை மூடிக்கொண்டு போயின. கொஞ்சம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி அறுந்தது.

“வழி விடுங்க, வழி விடுங்க” என்றேன். முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து, “நல்லா கீதே! நாங்க வெயில்ல காஞ்சிகினு கீறோம், மகராசி இப்ப வந்து வழி கேக்குது” என்றார். அவர் மேல் தப்பில்லை. மணி அடித்தாகிவிட்டது; சட்டம் சட்டம்தான். விஷயத்தை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சூட்டுச் சொம்போடு நின்றேன். அதற்குள் தேர் வந்து நின்று, பேண்டு ஓய்ந்து, ஜெபக் குரல் ஆரம்பித்துவிட்டது.

அப்போது முன்வரிசையில் இருந்து ஒரு குரல். மார்க்கெட்டில் நாலு கடை தள்ளிக் கேட்கும் குரல். “அந்தப் பால்காரப் பொண்ணு வந்துச்சா? ஏ பொண்ணு! சொம்பு கீதா?”

“இருக்குக்கா!” என்று கத்தினேன்.

“ஆளுக்கு எடம் கெடயாது. சொம்புக்குக் கீது. இந்தா, அது வச்ச செங்கல்லு மேலதான் நான் ஒரு காலு வச்சிகினு நிக்கிறேன். சொம்ப அனுப்புங்கப்பா! பேண்டுக்காரருக்கு நெஞ்சு சரியில்ல, பாலு வருது!”

என்னை அதட்டிய அதே மனிதர்தான் முதலில் கையை நீட்டி வாங்கினார். தலைக்குமேல் தூக்கிப் பிடித்து முன்னால் கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு. “சூடு, சூடு” என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, துணி சுற்றிய என் பித்தளைச் சொம்பு கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மிதந்து போனது. கரி படிந்த கை, வளையல் கை, ஒரு சின்னக் கை எல்லாம் மாறி மாறி அதைத் தாங்கின. டம்ளர் மூடி சரியாமல் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முன்னால் நடந்ததை அப்புறம் என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அக்கா தெருவில் இறங்கிப் போய்ச் சொம்பை நீட்டினாளாம். யார் கொடுத்தது என்று இவர் விழித்திருக்கிறார். “உன் பொண்டாட்டி பின்னாடி மாட்டிகினு கீறா. நீ குடி, ஆறிடும்” என்றிருக்கிறாள். தேரைத் தொட நெருக்கிய கூட்டம் இவரை இடிக்காமல் இருக்க, இரண்டு கையையும் விரித்து, தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாளாம். கடைசி மடக்கு வரைக்கும் அப்படியே.

ஜெபம் முடிந்தது. மாஸ்டர் கையைத் தூக்கினார் போலும், பேண்டு கிளம்பியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அந்த ஸ்வரம் வந்தது. ஏற வேண்டிய இடத்தில் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

தேர் நகர்ந்ததும் கூட்டம் கலைந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கா ஒரு கையில் காலிச் சொம்பும் இன்னொரு கையில் மாலையுமாக நிற்கிறாள். மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அய்ய... மாலையக் குடுக்கவே இல்லியே நானு” என்றாள். கோபமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. கைப்பொருளை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்கள் பேசுவார்களே, அப்படி.

எனக்கு என்ன தோன்றியதோ, அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். சந்துக்குள் புகுந்து குறுக்கே போனால் அடுத்த முனையில் தேரைப் பிடித்துவிடலாம். மூன்று மாதத்தில் நான் ராயபுரத்தில் தெரிந்துகொண்ட ஒரே குறுக்குவழி அது. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவளும் ஓடிவந்தாள்.

அங்கேயும் முதுகுச் சுவர். அவள் நின்றுவிட்டாள். அவள் நினைத்திருந்தால் ஒரு சத்தம் போட்டு, முழங்கையால் இடித்து முன்னால் போயிருக்கலாம். போகவில்லை. “மணி அடிச்சாச்சே. நமக்கு இங்க ஏது எடம்” என்று தணிந்த குரலில் சொன்னாள்.

நான் ஜன்மத்தில் அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை. “ஆளு வரல! மாலை மட்டும் போகட்டும்! கடல்ல இருந்து திரும்பி வந்தவருக்காக வேண்டிக்கிட்டது!” என்றேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கை நீண்டது. அப்புறம் இன்னொரு கை. மல்லிகை மாலை தலைகளுக்கு மேலே ஏறிப் போக ஆரம்பித்தது.

அக்கா குள்ளம். எக்கி எக்கிப் பார்த்தும் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அப்போது நான் ஒல்லிக்குச்சி. பாரக் கூடை சுமந்து பழகிய அந்தக் கைகளால் என் இடுப்பைப் பிடித்து, ஒரு மீன் கூடையைத் தூக்குவது போலத் தூக்கிவிட்டாள். “பாத்து சொல்லு, பாத்து சொல்லு! ஏறிச்சா?” என்றாள் கீழே இருந்து. மேலே இருந்து நான் இரண்டையும் பார்த்தேன். வரிசையின் இடது ஓரத்தில் கன்னம் உப்ப ஊதிக்கொண்டு போகிற என் வீட்டுக்காரரையும், தேர்மேல் நின்றவர் குனிந்து வாங்கிய அந்த மாலையையும்.

அவர் கடைசித் தெரு வரைக்கும் ஊதினார். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அந்த இடம் அவருடையதாகவே இருந்தது. நான் வருஷா வருஷம் மீன்கார அக்காவுக்குப் பக்கத்தில் செங்கல் வைத்தேன். மணி அடித்த பிறகு இருவரில் ஒருவராவது அங்கேயே இருப்போம். இப்போதும் எங்காவது கூட்டத்தில் துண்டு போட்டு வைத்திருக்கும் ஓர் இடத்தைப் பார்த்தால், முன்னால் நின்று பார்ப்பதுதான் பார்ப்பது என்று நான் நம்புவதில்லை. அன்றைக்கு நான் கூட்டத்தின் தலைக்குமேல் இருந்து “ஏறிடுச்சுக்கா!” என்று கத்தியதும், என்னைத் தூக்கிப் பிடித்திருந்ததையே மறந்து தொப்பென்று கீழே விட்டுவிட்டு, முதுகுகளைத் தவிர எதையும் காணாத மீன்கார அக்கா இரண்டு கையையும் எடுத்துத் தலைக்குமேல் கூப்பிக் கும்பிட்டாள்.