முனிராஜ் உட்காராத சீட்

அந்தக் கார் ஒரே ஒரு நாளாவது ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்று அடம் பிடித்திருந்தால் முனிராஜுக்கு இவ்வளவு பாடு வந்திருக்காது. மழையில் ஊறிக் கிடந்தாலும் சரி, ஒரு வாரம் தொடாமல் விட்டாலும் சரி, சாவியைத் திருகினால் போதும், ஒரு இருமல்கூட இல்லாமல் கிளம்பிவிடும். மற்றவர்கள் பழைய வண்டியை வைத்துக்கொண்டு, அது எந்த மேம்பாலத்தில் மானத்தை வாங்குமோ என்று பயந்து சாகிறார்கள். முனிராஜின் கவலை நேர்மாறு. இது என்றைக்குத்தான் காலை வாரும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

முனிராஜுக்கு ஐம்பத்துநாலு வயது. தொழிலும் டிரைவர் வேலைதான். ஒரு டிராவல்ஸ் கம்பெனியின் வண்டியில் ஐடி ஆட்களை வீட்டிலிருந்து ஆபீசுக்கும், ஆபீசிலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவுட்டர் ரிங் ரோட்டில் கிளட்சை மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் தனியாக ஒரு ஜென்மம் எடுத்திருந்தது. மாடிப்படியைப் பார்த்தாலே முனகும். அத்தனையும் முடித்து ஆஸ்டின் டவுனில் தன் சந்துக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் யாராவது நிற்பார்கள்.

சந்தில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களிடம் ஆட்டோ இருந்தது, பைக் இருந்தது. ஆனால் பிரசவ வலி எடுத்தவளை பைக்கில் ஏற்ற முடியாது. பெண் பார்க்க வருகிறவர்களை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் அழைத்துவந்தால் கௌரவம் என்ன ஆவது? ஆகவே "முனிராஜண்ணா, பத்து நிமிஷம்" என்று வருவார்கள். பெங்களூரில் பத்து நிமிஷத்தில் ஒரு சிக்னலைக்கூடத் தாண்ட முடியாது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் சாவியை எடுப்பார். முடியாது என்று சொல்லும் வித்தையை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

பூ வியாபாரி பச்சைமுத்து, கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து சாமந்தி மூட்டைகளைப் பின்சீட்டில் போட்டு வருவார். எதிர்வீட்டு பெர்னதெத் ஆன்ட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். சனிக்கிழமை தவறாமல் முழங்கால் வைத்தியத்துக்கு முனிராஜின் காரில்தான் போவார். வரும்போது பின்னல் உறை போட்ட ஒரு குட்டி மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, முன்னால் இடதுபக்க சீட்டில் போட்டு, அதன்மேல் உட்காருவார். டீச்சரம்மாவுக்கு மெத்தை இல்லாமல் ஆகாது, சொகுசு என்று முனிராஜ் மனதுக்குள் அலுத்துக்கொள்வார். வெளியில் சொன்னதில்லை.

இந்த வருஷம் மகள் ஷில்பா பேச்சை எடுத்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது, கோரமங்கலாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை.

"புது வண்டி எடுக்கலாம்பா. இது பதினஞ்சு வருஷம் தாண்டிடுச்சு. ஆர்.சி.ய புதுப்பிச்சு புதுப்பிச்சு இன்னும் எத்தினி நாளு ஓட்டுவே? ஆயுத பூஜைன்னிக்கு சாயங்காலம் நான் ஷோரூம் போறேன். சரியா இல்லையான்னு அதுக்குள்ள சொல்லிடு."

"நல்லா ஓடுற வண்டிய இன்னாத்துக்கு விக்கணும்?" என்றாள் முனிராஜின் மனைவி எல்லம்மா. "நீங்களே சொல்லுங்க, அது என்னிக்காச்சும் நம்மள நடுரோட்ல வுட்டுச்சா?"

விட்டதில்லை. அதுதானே தொல்லை. முனிராஜ் இரண்டு பேருக்கும் "பார்க்கலாம்" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் பாயை விரித்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பார்த்தார். புது வண்டி வந்தால் ஒரு சௌகரியம் உண்டு. வாசலில் வந்து நிற்கிறவர்களிடம், "பொண்ணு வண்டிப்பா, அவளைக் கேக்காம எடுக்க முடியாது" என்று சொல்லிவிடலாம். புது சீட்டில் சாமந்தி மூட்டை ஏற்றப் பச்சைமுத்துவே தயங்குவார். உண்மையைச் சொன்னால், முனிராஜுக்குப் புது காரின்மேல் ஆசை இல்லை. அதோடு வரப்போகும் அந்தச் சாக்குப்போக்கின்மேல்தான் ஆசை.

ஆனால் ஒரு குற்றமும் செய்யாத வண்டியை எந்த வாயால் போ என்பது? பழைய முதலாளியிடம் கைமாற்றி வாங்கிய நாளிலிருந்து அது ஒருநாள் முகம் சுளித்ததில்லை. விற்றால் பாவம், வைத்திருந்தால் பேஜார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் தூங்கிப்போவார். எழுந்ததும் டூட்டி.

பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியில் ஆள் இல்லை என்று இரண்டு ஷிப்டையும் அவர் தலையில் கட்டினார்கள். மாலை வீடு வந்தபோது கண்ணுக்குள் மண் போட்டதுபோல இருந்தது. வாசலில் பச்சைமுத்து.

"ணா, விடியக்காலம் மார்க்கெட் போயிட்டு வந்துடலாமா? சந்துக்கே பூவு, பூசணிக்கா, வாழக்கன்னு எல்லாம் எடுக்கணும். பத்து நிமிஷம்."

முனிராஜ் தலையாட்டினார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சந்தில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பானெட்டைத் திறந்தார். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, ஒயரை அழகாக மடக்கி ஓரமாக வைத்து மூடினார். தன் வீட்டிலேயே திருடுகிறவன் மாதிரி இருந்தது. நேரே பச்சைமுத்துவின் வீட்டு வாசலுக்குப் போனார்.

"வண்டி ஸ்டார்ட் ஆவலப்பா. நீ வேற ஏற்பாடு பண்ணிக்கோ."

பச்சைமுத்து வாயைப் பிளந்தார். "நம்ம வண்டியா?"

அந்த 'நம்ம' முனிராஜின் காதில் விழுந்தது. அதைப் பற்றி யோசிக்கிற தெம்பு அவருக்கு இல்லை. வந்து படுத்தார். பல வருஷங்களுக்குப் பிறகு, யாரும் எழுப்பாத ஒரு தூக்கம் தூங்கினார்.

அவர் செய்த தவறு இதுதான்: ஆயுத பூஜையை மறந்துபோனார். பூவும் பூசணிக்காயும் வாங்க வண்டி தராமல் தப்பித்த மனிதர், அந்தப் பூவும் பூசணிக்காயும் அதே வண்டிக்குத்தான் என்பதை யோசிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் சந்து முனையில் மாரியம்மன் கோவில் வாசலில் எல்லா வண்டிகளும் வரிசையாக நிற்கும். முதலில் முனிராஜின் கார், அதன்பின்னால்தான் ஆட்டோக்களும் பைக்குகளும். கார் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தால்தான் மற்ற வண்டிகள் நகரும். அப்புறம் ஒரு சின்ன சுற்று. அதில் பெர்னதெத் ஆன்ட்டியை ஏற்றிக்கொண்டுபோய் அவருடைய சர்ச் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். மாரியம்மன் வரிசையில் கிளம்புகிற வண்டி சர்ச் வாசலைத் தொட்டுவிட்டு வருவது அந்தச் சந்தின் வழக்கம். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லை.

தம்பட்டச் சத்தத்தில் முனிராஜ் எழுந்தார். வாசலில் கார் இல்லை.

"எங்கே வண்டி?"

"நீங்க அசந்து தூங்கினீங்க, எழுப்ப மனசு வரல. நான்தான் சாவியைக் குடுத்தேன்" என்றாள் எல்லம்மா. "எல்லாரும் சேர்ந்து தள்ளிகினு போயிட்டாங்க."

முகம்கூடக் கழுவாமல் ஓடினார். கோவில் வாசலில் கார் கழுவித் துடைத்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, இருபுறமும் வாழைக்கன்று கட்டி நின்றது. நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தால் யாரையோ ஐ.சி.யூ.வில் சேர்த்துவிட்டு வந்தவர்கள்போல இருந்தது. முனிராஜைக் கண்டதும் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் அப்படியே மெல்லப் புது காருக்கு நகர்ந்தது.

"இதுக்கு வயசாயிடுச்சுணா, பர்வால்ல விடு. அடுத்தது டிக்கி பெருசா இருக்குறதா பாத்து எடு. எட்டு மூட்டை புடிக்கணும்" என்றார் பச்சைமுத்து.

"ஏழு சீட்டு எடுங்க. வேளாங்கண்ணி போனா எல்லாருமே ஒண்ணா போலாம்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பெர்னதெத் ஆன்ட்டி மெத்தையும் கையுமாக வந்து நின்றார். "உயரமா இருக்குறது வேணாம், முனிராஜ். இந்தக் கால வெச்சுகினு என்னால ஏற முடியாது."

முனிராஜுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. புது வண்டி வந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தார்; அந்தப் புது வண்டியில் இவர்கள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இத்தனை பேரில் ஒருவராவது, உனக்கு என்னப்பா வேண்டும் என்று கேட்கவில்லை.

அப்போது மெக்கானிக் நாகேஷ் எஞ்சினுக்குப் பொட்டு வைக்கிறேன் என்று பானெட்டைத் திறந்தான். குனிந்தவன் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பேட்டரி ஒயர் தானாகக் கழன்று விழவில்லை, ஸ்பேனர் போட்டுக் கழற்றி மடக்கி வைத்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாதா? நிமிர்ந்து, முனிராஜைப் பக்கத்தில் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ணா, கனெக்ஷன் குடுக்கவா, வேணாமா? நீ சொல்றதுதான். வேணாம்னா பேட்டரி போச்சுன்னு சொல்லிடறேன். ஒரு வாரம் யாரும் வர மாட்டாங்க."

முனிராஜ் பானெட்டுக்குள் மடங்கிக் கிடந்த ஒயரையே பார்த்தார். திருட்டு பிடிபட்ட வெட்கம் ஒருபக்கம், பிடித்தவன் காட்டிய கருணை ஒருபக்கம். பக்கத்தில் நின்ற ஷில்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அவர் பிறகுதான் கவனித்தார்.

"நீயாப்பா கழட்டினே?"

"ஆமா."

"ஏன்?"

"தூங்கணும் ஷில்பா" என்றார். "பேஜாரா இருக்குது. வேற ஒண்ணுமில்ல."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் தூக்கம் எந்த அளவுக்குப் பாக்கி இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தாள்போல.

"எனக்கு லைசென்ஸ் வந்து நாலு வருஷம் ஆச்சு" என்றாள். "ஒருநாளாச்சும் இந்த சாவிய என் கையில குடுத்திருக்கியா? இந்த டிராஃபிக்ல உன்னால ஆவாது, உன்னால ஆவாதுன்னே சொன்னே. அதுக்குத்தான் புது வண்டி கேட்டேன், அதையாச்சும் நானே ஓட்டலாம்னு. எனக்கு வண்டி மேல கோவமில்லப்பா. நீ எழுந்துக்கவே மாட்டேங்கறே அந்த சீட்ட விட்டு."

சந்துக்கு முடியாது என்று சொல்லத் தெரியாதவர், மகளிடம் மட்டும் அதை நாலு வருஷமாக வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார். நாகேஷைப் பார்த்து, மாட்டு என்று தலையசைத்தார்.

ஷில்பா துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். வண்டி வழக்கம்போலக் கிளம்பியது. கூட்டம் கைதட்டியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, பூசணிக்காய் உடைந்தது. பெர்னதெத் ஆன்ட்டி முன்கதவைத் திறக்கப்போனவர், முனிராஜைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி நீ முன்னாடி உக்காரு" என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

தன் சொந்தக் காரின் இடதுபக்க சீட்டில் முனிராஜ் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் ஓட்டாமல் அந்த வண்டி கிளம்பியதே இல்லை என்னும்போது, அங்கே உட்கார அவருக்கு எப்படி வாய்க்கும்?

உட்கார்ந்ததும் துள்ளி எழப்பார்த்தார். சீட்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்பிரிங் இடுப்புக்குக் கீழே நறுக்கென்று குத்தியது. நகர்ந்து பார்த்தார், அந்தப் பக்கமும் குத்தியது. கண்ணாடியை இறக்கலாம் என்று கைப்பிடியைச் சுற்றினால் அது சும்மா சுற்றியது. பிரசவத்துக்குப் போனவர்கள், பெண் பார்க்க வந்தவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், அத்தனை பேரும் இதன்மேல் உட்கார்ந்துதான் போயிருக்கிறார்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

பின்னாலிருந்து குட்டி மெத்தை தோளைத் தொட்டது.

"இத போட்டுக்கோ" என்றார் பெர்னதெத் ஆன்ட்டி.

"எத்தினி நாளா ஆன்ட்டி குத்துது?"

"நீ வாங்கின புதுசுலருந்தே."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அதுக்கும் நீயே ஓடுவே. இருக்குற ஓட்டம் உனக்குப் போதாதா?"

இத்தனை காலமும் சந்து ஜனங்களைத் தான் மட்டும் சுமப்பதாக முனிராஜ் நினைத்திருந்தார். அவர்களும் தங்களால் ஆன மட்டும் அவரைச் சுமந்திருக்கிறார்கள். மெத்தையைப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த சீட்ட மொதல்ல மாத்தணும்பா" என்றாள் ஷில்பா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஷோரூம் கெடக்கட்டும்."

"அந்த ஆட்டோவ விட்டுட்டுப் போ. ஹார்ன் அடிக்காத. செகண்ட் போடு" என்றார் முனிராஜ். மூன்றையும் அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள். நாலாவதாக ஒன்று சொல்ல நினைத்தார். அதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

சர்ச் வாசலில் வண்டி நின்றபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. பெர்னதெத் ஆன்ட்டி யாருடைய கையையும் எதிர்பார்க்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். மெத்தையைத் திருப்பிக் கேட்கவில்லை.