பத்தாம் படி இல்லை

ஆடி பதினேழு, காலை ஒன்பது மணி. செல்லக்கிளி ஒன்பதாம் படியில் குத்தவைத்து உட்கார்ந்து, அதன் விளிம்பில் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கிறது. ஜனங்கள் மிதித்துத் தாண்டியே கோடு அழிந்துபோகிறது.

ஸ்ரீரங்கத்துக் காவிரிக் கரையில், பெரிய படித்துறைகளிலிருந்து தள்ளி இருக்கும் சின்னப் படித்துறை இது. மேலிருந்து எண்ணினால் ஒன்பது படிகள். பத்தாவது ஏதோ ஒரு வெள்ளத்தில் பெயர்ந்துபோனது. ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும் நாளிலும் அந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழம். இரும்புக் கம்பி போடப்போவதாக நான்கு வருடமாகச் சொல்கிறார்கள். நடுவில் கயிறு கட்டிப் பார்த்தார்கள். ஈர வேட்டி காயப்போட வசதியாக இருந்தது. ‘ஆழமான பகுதி’ என்று பலகை வைத்தார்கள். அதில் சாய்ந்துகொண்டு போட்டோ எடுக்கிறார்கள்.

செல்லக்கிளிக்கு ஐம்பத்து நான்கு வயது. படித்துறையைக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளி. ஒருநாள் அறிவிப்பு செய்கிற ஆள் வராமல்போக, மேற்பார்வையாளர் நஜிமுதீன் கைமைக்கை இவரிடம் கொடுத்தார். பிறகு திரும்ப வாங்கவில்லை. அன்றிலிருந்து மைக்கில் செல்லக்கிளியின் குரல்தான்.

“கைக்குழந்தைய ஒரு கையிலயும் போன ஒரு கையிலயும் புடிச்சிருக்கிற அப்பா! வழுக்குனா எத விடுறதுன்னு இப்பவே முடிவு பண்ணிக்கங்க.”

“வெள்ளச் சட்ட அண்ணே, வாட்டர் ப்ரூஃப்னு எழுதியிருக்கிறது உங்க போன்ல. உங்க மேல இல்ல.”

“நீச்சல் தெரியும்னு சொல்ற தம்பி, அது ஒனக்குத் தெரியும். தண்ணிக்குத் தெரியணும்ல?”

“ரெண்டு பொட்டலம் புளியோதரை தின்னுட்டு முங்கப் போறவங்க, பேரு, ஊரு, வீட்டு நம்பர் மூணையும் அந்தப் பொட்டலத்துல எழுதிக் கரையில வெச்சிட்டு எறங்குங்க.”

ஆரம்பத்தில் இதற்கெல்லாம் பலன் இருந்தது. சிரித்துக்கொண்டே மேலே ஏறிவிடுவார்கள். பிறகு ஒரு கல்லூரி மாணவி வீடியோ எடுத்துப் போட்டாள். இரண்டே வாரத்தில் தென்னூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். குளிக்க அல்ல, திட்டு வாங்க. மேல்படியில் நின்றால் செல்லக்கிளி திட்ட மாட்டார் என்பதால் எல்லோரும் நேராக ஒன்பதாம் படிக்கு இறங்கினார்கள்.

“எங்களையும் ஒரு திட்டு திட்டுங்கக்கா, ரெடி!” என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார்கள்.

போன ஆடிப்பெருக்கன்று பிரவீன்ராஜ் வந்தான். கல்யாணமாகி இரண்டு மாதம். கல்யாண மாலையைக் காய வைத்துப் பத்திரப்படுத்தி, ஆடி பதினெட்டில் புதுத் தம்பதி ஆற்றில் விடுவது வழக்கம். விட்ட மாலை கரைக்கே திரும்பி வந்தால் ஆகாது என்பார்கள். அவன் விட்டது திரும்பி வந்தது. தள்ளிவிட்டான், மறுபடியும் வந்தது. ஒன்பதாம் படிக்கு இறங்கித் தள்ளினான். மனைவி மேலே நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

“மாப்ளே, மாலையப் போக விடுங்க. நீங்க கூடப் போவாதீங்க!” என்றார் செல்லக்கிளி மைக்கில்.

படித்துறையே சிரித்தது. அவனும் சிரித்தான். மனைவியின் போனைப் பார்த்துத் திரும்பி, கையை உயர்த்திக் காட்டியபடி ஓர் அடி பின்னால் வைத்தான். அங்கே படி இல்லை.

இரண்டாம் நாள்தான் கிடைத்தான். யாரோ எடுத்த இன்னொரு வீடியோ இன்றும் சுற்றுகிறது. சிரிப்போடு வெட்டப்பட்டிருப்பதால், மீதி தெரியாதவர்கள் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள்.

அதற்குப் பிறகு செல்லக்கிளி வேடிக்கையாகப் பேசுவதில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். “பொதுமக்கள் ஒன்பதாம் படிக்குக் கீழே இறங்க வேண்டாம்.” காலையிலிருந்து பதினான்கு முறை படித்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும், “என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?” என்று விசாரித்தார்.

“பழைய மாதிரி பேசுங்கக்கா. இது ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கு, யாரு கேப்பா?” என்கிறார் நஜிமுதீன்.

“சிரிக்க வெச்சா கீழ எறங்குறாங்க. வெக்காட்டிக் காதுலயே வாங்க மாட்டேங்குறாங்க. நான் வேற என்னத்தப் பேசட்டும் சார்?”

நஜிமுதீன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு ஒரு ஜோடி வந்தது. பூவரசன், யாழினி. வைகாசியில் கல்யாணம். நாளைக்கு மாலை விட இடம் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள்.

“நீங்கதான அந்த வீடியோ அக்கா?” என்றாள் யாழினி.

“இல்லம்மா.”

“பொய் சொல்லாதீங்க, கொரல்லயே தெரியுது. நாளைக்கு எங்களையும் திட்டணும்க்கா. அதே மாதிரி, ‘மாப்ளே, நீங்க கூடப் போவாதீங்க’ன்னு.”

செல்லக்கிளி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “அந்தத் தம்பி செத்துப்போச்சும்மா. அதே நிமிஷத்துல. இந்தப் படியிலதான்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூவரசன் கைதட்டிச் சிரித்தான். “பாத்தியா, ஆரம்பிச்சிட்டாங்க! அக்கா, ஒரு நிமிஷம் இருங்க, போன எடுத்துக்கிறேன். இன்னொரு வாட்டி சொல்லுங்க!”

செல்லக்கிளி பிரஷ்ஷை எடுத்து விட்ட இடத்திலிருந்து கோட்டை அடிக்கத் தொடங்கினார்.

அவர்கள் போன பிறகு நஜிமுதீன் போனில் கூப்பிட்டார். மேலே அணையிலிருந்து கூடுதலாகத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். விடியும்போது ஐந்தாம் படி வரை முழுகிவிடும். செல்லக்கிளி போனை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னும் காயாத சிவப்புக் கோட்டைப் பார்த்தார். நாளைக்கு அது யார் கண்ணுக்கும் தெரியாது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்.

“எங்க கோடு போட்டாலும் ஜனம் ரெண்டு படி தாண்டித்தான் நிக்கும். நாலுல போட்டா ஆறுல நிப்பாங்க. ஆறுன்னா முழங்கா அளவுதான், பரவால்ல” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

நான்காம் படியில் பாதி தூரம் அடிப்பதற்குள் பெயின்ட் தீர்ந்துபோனது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். பிறகு கையை உள்ளே விட்டு, அடியில் ஒட்டியிருந்ததை வழித்து, விரலாலேயே மீதிக் கோட்டை இழுக்கத் தொடங்கினார்.

நாளைக் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்து சேரும். பூவரசனும் யாழினியும் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.