குதிரைக்குக் கேட்ட ஜெபம்

எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி அடைமழை. என் மனைவி எஸ்தருக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. அவளுக்கு அது பழைய வியாதிதான். ஆனால் அன்று மாத்திரைக்கு அடங்கவில்லை. மத்தியானத்துக்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தோம். பேச முடியாமல் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் அப்போது அவனியாபுரத்துக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவே குடியிருந்தோம். அவளுக்கு வழக்கமாக ஊசி போடும் நர்ஸம்மா அவனியாபுரத்தில் இருந்தார். முந்தின நாள்தான் கண்மாய் உடைந்து, நடுவில் ரோட்டை அறுத்துக்கொண்டு போயிருந்தது. பஸ் இல்லை. நடந்து தாண்டப் பார்த்த ஒருவரைத் தண்ணீர் இழுத்துப் போய்விட்டது. மரத்தைப் பிடித்துத்தான் அவர் தப்பினார்.

பக்கத்து வீட்டு முனியாண்டி குதிரை வண்டி ஓட்டுகிறவர். அவரிடம் ஓடினேன்.

"வண்டி போகாதுண்ணே. சக்கரம் சேத்துல புதைஞ்சிரும். குதிரை மட்டும்னா தாண்டிரும்."

"அப்ப நீ ஏறிப் போய்ட்டு வாப்பா."

"நானா? எங்கப்பன் காலத்துல இருந்து வண்டியில உக்காந்துதான் ஓட்டுறோம். குதிரை முதுகுல ஏறுனதே இல்லண்ணே. நீங்கதான சின்னப்பிள்ளையில ஏறுனவரு?"

உண்மைதான். செல்லூரில் என் பெரியப்பா ஒரு குதிரை வைத்திருந்தார். அதைக் குளிப்பாட்ட வைகைக்கு நான்தான் ஓட்டிப் போவேன். சேணம்கூட இல்லாமல் மணலில் பறப்பேன். பதினைந்து வயதில் ஒருநாள் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷமாகக் குதிரைப் பக்கமே போகவில்லை. முனியாண்டி வண்டியில் ஏறக்கூட மனம் வராது. நடந்தே போய்விடுவேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்து எஸ்தரைப் பார்த்தேன். முனியாண்டியின் மனைவி பேச்சியம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "போங்கண்ணே, நான் இருக்கேன்ல" என்றாள்.

குதிரையின் பெயர் ராசாத்தி. அதன் முதுகில் சாக்கை மடித்துப் போட்டுக் கட்டினார் முனியாண்டி. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். தரை அவ்வளவு கீழே இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

சபையில் எல்லாருக்கும் தெரியும், நான் வாய்விட்டு ஜெபிக்கிறவன் அல்ல. ஜெபக் கூட்டத்தில் என் முறை வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். பக்கத்தில் இருப்பவர் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே தொடங்கிவிடுவார். அன்றும் கண்ணை மூடி மனதுக்குள்தான் ஜெபித்தேன். கடிவாளத்தை அசைத்தேன். குதிகாலால் தட்டினேன். ராசாத்தி நகரவில்லை. காதை மட்டும் பின்னால் திருப்பிக்கொண்டு நின்றது.

"வாயத் தொறந்து பேசுங்கண்ணே!" என்று கத்தினார் முனியாண்டி. "வண்டிக் குதிரைக்குப் பின்னால சத்தம் கேக்கணும். பேச்சு நின்னா, சவாரி எறங்கிருச்சுன்னு அதுவும் நின்னுக்கிரும்."

"என்னத்தப்பா பேச?"

"எதையாச்சும் பேசுங்க! நான் எம்பொண்டாட்டியத் திட்டிக்கிட்டே போவேன்."

என் நாக்கில் வேறு பேச்சு இல்லை. "ஆண்டவரே" என்றேன். ராசாத்தி ஒரு அடி எடுத்து வைத்தது. "ஆண்டவரே, எஸ்தரைக் காப்பாத்தும்" என்றேன். நடந்தது. சொல்லச் சொல்ல ஓடியது.

உடைப்பில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. நடுவில் என் தொடைவரை ஏறிவிட்டது. பயத்தில் வாய் அடைத்துப்போனது. உடனே ராசாத்தியும் தண்ணீருக்குள் நின்றுவிட்டது. அதன் காலடியில் மண் கரைவது எனக்குத் தெரிந்தது.

அப்போது கத்தினேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் கத்தினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவளும் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்குள் நான் எப்படி நுழைவேன் என்று கேட்டேன். விழுந்த நாளிலிருந்து எனக்கு எல்லாமே பயம் என்று சொன்னேன். கரையில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்டால் கேட்கட்டும். ராசாத்தி கழுத்தை நீட்டி, ஒரே மூச்சில் மறுகரை ஏறியது. என் கால்கள் தாமாகவே அதை இறுக்கிப் பிடித்திருந்தன. மறந்துவிட்டது என்று நான் நினைத்த பழக்கத்தை ஆண்டவர் என் உடம்பில் பத்திரமாக வைத்திருந்தார்.

நர்ஸம்மா ஊசிப் பெட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டார். வாசல் திண்டின் மேல் ஏறி நின்று, எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். பேச்சு நின்றால் ராசாத்தியும் நின்றுவிடும் என்பதைச் சொன்னேன்.

"அப்ப நான் குதிரைய நம்பி வரலய்யா, உங்க ஜெபத்த நம்பித்தான் வாரேன். நிறுத்திராதீங்க" என்றார்.

உடைப்பைத் திரும்பத் தாண்டும்போது என் தொண்டை கட்டிக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்ந்தார்.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் எஸ்தரின் நெஞ்சு தணிந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. அவள் முதலில் கேட்டது, "என்னங்க இது, வேட்டியெல்லாம் குதிரை முடி?" என்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ஜெபக் கூட்டத்தில் என் முறை வந்தபோது வாயைத் திறந்தேன். குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. அதன் பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் ராசாத்தியைக் கண்மாய்க்குக் குளிப்பாட்ட நான்தான் ஏறிப் போவேன். கரையில் நின்றுகொண்டு எஸ்தர் கேலி செய்வாள்: "இம்புட்டுத்தானா சத்தம்? இங்க வரைக்கும் கேக்கலயே!" இன்றும் அவள் குரலைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப் போலக் கூச்சப்படுகிறவர்கள் இருப்பீர்கள். மனதுக்குள் சொல்வதையும் ஆண்டவர் கேட்கிறார். ஆனாலும், பயம் உங்களை நடுத்தண்ணீரில் நிறுத்திவைக்கும் நாளில், வாயைத் திறந்து அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு அடியாவது நகரும். மீதி வழிக்கு அவர் இருக்கிறார்.