வீடியோவில் வராத அறை

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆனி மாதம். தில்லியில், முனிர்காவுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த கீழ்த்தள பிளாட்டை விற்க வேண்டி வந்தது.

என் வீட்டுக்காரர் லோதி ரோட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போனது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அதோடு நெஞ்சுச் சளி வேறு. ஐப்பசி பிறந்தால் தில்லியில் சூரியன் தெரியாத அளவுக்குப் புகை கவிந்துவிடும். இன்னொரு குளிர்காலம் இவரை இங்கே வைத்திருக்காதீர்கள், தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் மகள் திண்டுக்கல்லில் இருக்கிறாள். அவள் குடியிருப்பது குறுகல் படி ஏறிப் போகிற மாடி வீடு. இவரைத் தூக்கிக்கொண்டு அதில் ஏற முடியாது. தில்லி வீட்டை விற்றால்தான் அவள் வீட்டுப் பக்கத்தில் தரையோடு ஒரு வீடு பார்க்க முடியும். புகை வருவதற்குள் அது நடந்தாக வேண்டும். எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

முன்பெல்லாம் வீடு விற்பதென்றால் மார்க்கெட்டில் கடை போட்டிருக்கும் டீலரிடம் சொல்லிவைப்பார்கள். இப்போது எல்லாம் போனில் நடக்கிறது. மகள் அங்கிருந்தே போனில் தேடி ஒரு ஏஜெண்டைப் பிடித்தாள். ஹரியானாக்காரப் பையன். விற்கிற வீட்டுக்குள் தானே நடந்துகொண்டு பேசி வீடியோ போடுவானாம். அதை ஏகப்பட்ட பேர் பார்ப்பார்களாம்.

ஒரு நாள் காலையில் விளக்கு, போனை மாட்டுகிற கம்பு, பை என்று சாமான்களோடு வந்தான். கொடியில் கிடந்த துணியை எடுக்கச் சொன்னான். காலண்டர், மருந்து டப்பா, ஹால் மூலையில் இருந்த பேசின் எல்லாம் மறைந்தன. பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கிண்ணமும் நாலைந்து ஆப்பிளும் எடுத்து மேஜைமேல் வைத்தான். அவன் படம் எடுக்கிற எல்லா வீட்டுக்கும் அதே ஆப்பிள்கள்தான் போகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கடைசியாகப் பின்னறை வாசலுக்கு வந்தான். என் வீட்டுக்காரர் படுத்திருந்ததைப் பார்த்தான். நமஸ்தே சொன்னான். அப்புறம் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"புரா மத் மான்னா ஆன்ட்டிஜி" என்று ஆரம்பித்தான். தப்பாக நினைக்காதீர்கள் என்று அர்த்தம். போனில் பார்க்கிறவர்கள் ஒரு நொடிதான் பார்ப்பார்கள், நோயாளி தெரிந்தால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் அந்த அறையை மட்டும் சாத்திவிடலாம், பொய் சொல்ல வேண்டாம், காட்டாமல் விட்டால் போதும் என்றான். நான் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவள். தலையை ஆட்டிவிட்டேன்.

அவன் மெதுவாகத்தான் பேசினான். ஆனால் சின்ன வீடு. நான் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தியபோது இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அவன் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தான். நல்ல வெளிச்சம், நல்ல காற்று, பக்கத்திலேயே மெட்ரோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். பாதியில் இவருக்கு இருமல் வந்துவிட்டது. உடனே இடது கையால் தோளில் கிடந்த துண்டை இழுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிந்து, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. வெளியே பேச்சு நிற்கிறவரை ஒரு சத்தம் வரவில்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வது?

வீடியோ வந்த அன்றைக்கே மகள் போன் செய்தாள். "யம்மா, நம்ம வீடா இது? என்னமா ஜொலிக்குது! ஆப்பிளு எப்பம்மா வாங்குனே?" என்று சிரித்தாள். ஆயிரக்கணக்கில் பார்த்தார்களாம். ஆனால் பார்த்தவர்கள் அடியில் எழுதியதெல்லாம் அந்தச் சாத்திய கதவைப் பற்றித்தான். எனக்கு ஹிந்தி படிக்கத் தெரியாது, ஏஜெண்ட்தான் வாசித்துச் சொன்னான். உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர். அங்கே யாரோ தூக்கு மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று இன்னொருவர். சிரித்துக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தவன் அதற்கு மேல் வாசிக்கவில்லை.

நேரில் வந்தவர்களுக்கு ஹால் பிடித்தது, சமையலறை பிடித்தது. பின்னறைக்கு வந்ததும் முகம் மாறிவிடும். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ஏஜெண்டிடம் சண்டை போடுவார்கள். ஒரு பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு வாசலுக்கே போய் நின்றுவிட்டாள். இன்னொரு வீட்டுப் பெரியம்மா, ஆள் இந்த நிலையில் கிடக்கிற வீடு ஆகாது என்று சொல்லி, நான் கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் போனார். ஒவ்வொருவரும் போன பிறகு இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இப்படியே ஆடி போய்விட்டது.

ஒரு நாள் ஏஜெண்ட் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான். ஆள் பார்க்க வருகிற நேரத்தில் மட்டும் அங்கிளை வேறு எங்கேயாவது படுக்க வைத்தால் என்ன என்று கேட்டான். எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ தெரியவில்லை. காய்கறிக்காரனிடம் பேசுகிற அரைகுறை ஹிந்தியில்தான் சொன்னேன்.

"கதவைத் திறந்து வச்சு இன்னொரு தடவை எடு தம்பி. தள்ளுறவங்க போன்லயே தள்ளிட்டுப் போகட்டும். இங்க வந்து அவர் கண்ணு முன்னால தள்ள வேண்டாம்."

 அங்கிள்ஜி சம்மதிப்பாரா என்று கேட்டான். நான் உள்ளே போய், "ஏங்க, உங்களையும் சேத்துப் படம் எடுக்கட்டுமா?" என்றேன். இவர் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையால் தாடையைத் தடவிக் காட்டினார். சவரம் செய்யாமல் படத்தில் வர மாட்டாராம்.

சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, தலையணையில் சாய்த்து உட்கார வைத்தேன். இந்தத் தடவை ஏஜெண்ட் எதையும் ஒளிக்கச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். வழக்கமான சத்தம் இல்லாமல் பேசினான். இவர்தான் இந்த வீட்டுக்காரர், உடம்பு முடியவில்லை, புகைக்கு முன்னால் ஊருக்குப் போக வேண்டும், அதனால் விற்கிறார்கள், இதில் சங்கடப்படாதவர்கள் மட்டும் வாருங்கள் என்றான். இவர் இடது கையை நெற்றிவரை தூக்கி வணக்கம் வைத்தார்.

அந்த வீடியோவை அதிகம் பேர் பார்க்கவில்லை. மகள் அதைச் சொல்ல முடியாமல் சொன்னாள். யாரும் வரவும் இல்லை. நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. வாழ்நாளில் ஒரு தடவை வாயைத் திறந்தோம், அதிலேயே காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன். ராத்திரியில் இவர் மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டால் ஐப்பசி எத்தனை கிட்டத்தில் இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஆவணி கடைசியில் ஒரு அம்மா தன் பெண்ணோடு வந்தார். மலைப்பக்கம், உத்தராகண்டாம். என்னைவிடக் கொஞ்சம் இளையவராக இருக்கலாம். ஏஜெண்ட் வழக்கம்போல ஹாலிலிருந்து ஆரம்பித்தான். அந்த அம்மா, இருப்பா என்று கையைக் காட்டிவிட்டு நேரே பின்னறைக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"பாயி சாஹப், உங்க வீட்டைப் பாக்க வந்திருக்கோம். பாத்துக்கலாமா?" என்று, அண்ணா என்கிற மரியாதையோடு ஹிந்தியில் கேட்டார்.

அதுவரை வந்தவர்களில் ஒருத்தர்கூட அவரிடம் கேட்டதில்லை. நான்கூட எல்லாவற்றையும் மகளிடமும் ஏஜெண்டிடமும் பேசி முடித்தவள்தான். இவர் கண்ணை மூடித் திறந்தார். தலையை அசைத்தார். பிறகு அவரே வீட்டைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

முதலில் ஜன்னலைக் காட்டினார். காலை வெயில் அதில்தான் வரும். அடுத்து, வேலை செய்யாத ஒரு ஸ்விட்ச். அப்புறம் இரும்பு அலமாரியைக் காட்டி, நகர்த்து என்று கையை ஆட்டினார். ஏஜெண்டுக்குத் திக்கென்றது. "ரஹ்னே தீஜியே அங்கிள்ஜி" என்று கெஞ்சினான், விட்டுவிடுங்கள் என்று. இவர் விடுவதாக இல்லை, கட்டில் சட்டத்தைத் தட்டினார். அலமாரியை நகர்த்தினால் பின்னால் சுவரில் பெரிய ஈரத் திட்டு. மாடி வீட்டுக் குழாயிலிருந்து இறங்குகிறது என்று கையை மேலே தூக்கிக் காட்டினார். ஏஜெண்ட் என்னைப் பார்த்தான். 

அந்த அம்மா சிரித்துவிட்டார். "எத்தனையோ வீடு பாத்துட்டோம். ஈரச் சுவரைத் தானா கூப்பிட்டுக் காட்டின ஆள் இவர்தான்" என்றார். அவர் பெண், வேறு ஏதாவது குறை இருக்கிறதா பெரியப்பா என்று விளையாட்டாகக் கேட்டாள். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கரி பிடித்த என் சமையலறைச் சுவர்ப் பக்கம் கையை நீட்டினார். எல்லோரும் சிரித்தோம். பக்கவாதம் வந்த பிறகு அவர் உதட்டோரம் சிரிப்பு வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அந்த அம்மா தன் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் முதலில் கட்டில் பக்கம்தான் போனார். அவர்களே வாங்கினார்கள். புரட்டாசி முடிவதற்குள் நாங்கள் திண்டுக்கல் போய்ச் சேர்ந்துவிட்டோம். ரயிலில் ஏற்றும்போது ஏஜெண்ட் இரண்டு ஆட்களோடு வந்து, இவர் தலைப்பக்கத்தைத் தானே தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

இவர் அந்தக் குளிர்காலத்தையும் தாண்டினார், அடுத்ததையும் தாண்டினார். அதற்குப் பின் வந்த சித்திரையில் போய்விட்டார்.

எனக்குக் கூச்சம் இன்னும் போகவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் இப்போதும் பேச்சு வராது. ஆனால் படுக்கையில் ஒருவர் இருக்கிற வீட்டுக்குப் போனால், மற்றவர்களோடு பேசுவதற்கு முன் அந்தக் கட்டில் பக்கம் போய், உள்ளே வரலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். விற்கப்போகிற ஒரு வீட்டை அப்படிப்பட்ட ஒரு கேள்வி அதன் சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.